மீட்பு

எச்சில் கையால் கடற்காக்கை ஓட்டாதவன்
எனோக் பிளெங்கின்.
ஹல் துறைமுகத்துச் சந்தொன்றில்
மூன்று பித்தளை உருண்டை தொங்கும் அடகுக்கடை.
ஊரெல்லாம் திமிங்கல எண்ணெய் எரிய
அவன் மேசையில் மட்டும்
பன்றிக்கொழுப்பில் நனைத்த ஒற்றை நாணல் திரி.
இருட்டிலேயே கூட்டிவிடுவேன்,
கழிக்கத்தான் வெளிச்சம் வேண்டும் என்பான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு.
உப்பு மூட்டை அவிழ்ந்ததுபோல் பனி.
பாட வந்த பிள்ளைகள் முகத்தில்
கதவை அறைந்து சாத்தினான்.
விரல் நசுங்கி அலறிய பையனிடம்
சாயம் பெயர்ந்துவிட்டது பார் என்றான்.

பதினொன்று அடித்தது.
தாழ்ப்பாள் திறக்காமலே ஒருவன் உள்ளே நின்றான்.
தாடியில் பனிக்கட்டி,
முழங்காலுக்குக் கீழே நீலம்.
"ஜாபெஸ் ஸ்டோர். திமிங்கல ஈட்டிக்காரன்.
சீட்டு நூற்றுப் பதினேழு. கடல் பூட்ஸ் ஒரு ஜோடி.
மீட்க வந்தேன்."
துணிச்செருப்போடு கிரீன்லாந்துக்குக் கப்பலேறியவன்.
"கெடு போய்விட்டதே" என்றது வாய், பழக்கத்தில்.
"ஆமாம். அதோடு நானும் போய்விட்டேன்."
காசு வைத்தான். காசல்ல, பனிக்கட்டி;
ராஜாவின் தலை அதில் சரியாகப் பதிந்திருந்தது.
உருகுமுன் ரசீது கேட்டான்.

அடுத்து கெசையா. சலவைக்காரி.
அவள் இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு
வேலை செய்து கடனை அடை என்றவன் இவன்.
அவள் பேசவில்லை.
கண்மேல் வைத்துப் புதைத்த இரண்டு பென்னியை
ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தாள்.
இமைகள் திறந்துகொண்டன.
முப்பது வருஷத்தில் முதல்முறை
காசைக் கடித்துப் பார்க்கத் தோன்றவில்லை அவனுக்கு.

மூன்றாவதாக ஆள் வரவில்லை.
மணி ஆடியது. தரையில் ஒரு சீட்டு.
அவன் கையெழுத்தேதான். எண் ஒன்று.
அடகு வைத்தவர்: எனோக் பிளெங்கின்.
கெடு: இன்று.
பொருள் என்ற இடத்தில் மட்டும்
பேனா தொட்டு எடுத்த ஒரு புள்ளி.

தேடினான். அலமாரி அலமாரியாக.
கல்யாண மோதிரங்கள், மரக்கால் ஒன்று,
எடைக்கு வாங்கிய பைபிள் பதினாறு,
தொட்டிலின் ஒரு பக்கச் சட்டம்,
போர்த்தியவர் வாசனை இன்னும் போகாத கம்பளிகள்.
எதைத் தொட்டாலும் வேறு யாருடையதோ.
திரி அணைந்தது.
இருட்டில் தடவிக்கொண்டே இருந்தான்.

மீட்பர் பிறந்தார் என்று
ஆலய மணிகள் அடித்தபோது
அதைக் கடைச்சொல்லாகத்தான் கேட்டான்:
யாரோ மீட்க வந்திருக்கிறார்,
கையில் சீட்டில்லாமல்.

விடிந்ததும் தள்ளுவண்டி.
கொடுப்பதற்கு வாய்ச்சொல் தெரியாது அவனுக்கு;
வாசல் வாசலாக நின்று
சீட்டு எண்ணை மட்டும் கத்தினான்.
கெசையாவின் மகளுக்கு இஸ்திரிப் பெட்டி,
அந்த மாரியில் முதல்முதல் மூட்டிய கணப்பிலிருந்து
நாலு கங்கு அள்ளிப் போட்டு.
அவள் அதை வைத்துத் துணி தேய்க்கவில்லை.
மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டோர் வீட்டில் கதவு திறந்தவன்
விரலில் கந்தல் சுற்றிய பையன்.
பூட்ஸைப் பார்த்தான். "எவ்வளவு?" என்றான்.
இரண்டு ஷில்லிங், வட்டி நாலு பென்னி,
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
பிளெங்கின் பனியில் குந்தினான்.
பேரேட்டைக் கிழித்துக் கசக்கி
பூட்ஸின் நுனியில் திணித்தான்.
நூற்றுப் பதினேழு இருந்த பக்கம் இடது காலுக்கு.
"நடந்து காட்டு."
தடக் தடக்கென்று நடந்தான் பையன்,
அப்பாவின் சத்தத்தில்.
உள்ளே ஒரு பெண் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

பிறகு அவள் கொழுப்புத் தடவிய ரொட்டி கொண்டுவந்து
ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள்.
படகுத்துறையில் நின்று தின்றான்.
எண் ஒன்று சட்டைப்பையில் அப்படியே இருந்தது.
கடற்காக்கை ஒன்று தோளருகே தாழ்ந்தது.
சூ, என்று கை வீசினான்,
துடைக்காத கையை.
துணுக்குகள் சிதறின.

குனிந்து எண்ணப் போனான்.
அதற்குள் இன்னும் நாலைந்து பறவைகள்.